கார் கதவு லேசுல சாத்த மாட்டேங்குதா? ஓங்கி அறையறதுக்கு முன்னாடி இத ஒரு தடவை படிங்க

நம்ம வண்டியில ஏறுற சொந்தக்காரங்க ரெண்டே வகைதான். ஒண்ணு, கதவ பூ மாதிரி சாத்திட்டு அரை லாக்லயே விட்டுட்டுப் போறவங்க, இன்னொண்ணு லாரி கதவுன்னு நெனச்சு அறையறவங்க. எங்க அத்தை ரெண்டாவது வகை. அவங்களே மூணு தடவை அறைஞ்சும் என் வண்டியோட இடது பக்க பின் கதவு சாத்தல, கல்யாண மண்டபத்து வாசல், பின்னாடி நாலு வண்டி ஹாரன் அடிக்குது, "என்னடா தம்பி வண்டி வச்சிருக்க, கதவு கூட சாத்த மாட்டேங்குது"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டு கதவ தொறந்தபடியே விட்டுட்டு உள்ள போய்ட்டாங்க.

இதுல கடுப்பு என்னன்னா, ரெண்டு மாசம் முன்னாடிதான் அந்த கதவ ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டியிருந்தேன். அங்க இருந்த பையன் ஒரு தடவை சாத்திப் பாத்தான், பில்லர்ல (கதவு வந்து சாத்துற பாடித் தூண்) இருக்கிற ஸ்ட்ரைக்கர, அதான் லாக் போய் மாட்டிக்கிற கம்பிய, லூஸ் பண்ணி கொஞ்சம் வெளிய தள்ளி டைட் வச்சான், ரெண்டு நிமிஷ வேலை, கதவு வெண்ணெய் மாதிரி சாத்துச்சு, எனக்கும் சந்தோஷம். அடுத்த வாரம் மழையில பைபாஸ்ல போறப்பதான் 'உய்ய்'னு விசில் சத்தம், வீட்டுக்கு வந்து பாத்தா பின் சீட்ல கால் வைக்கிற எடத்துல மேட் நனைஞ்சு கெடக்கு. ஸ்ட்ரைக்கர் வெளிய போனதால கதவு ரப்பர ஒழுங்கா அழுத்தவே இல்ல. அதோட விட்டுச்சான்னா இல்ல, கொஞ்ச நாள்ல கதவும் பழையபடி மொரண்டு புடிக்க ஆரம்பிச்சிருச்சு, ஏன்னா உண்மையான கோளாறு ஸ்ட்ரைக்கர்லயே இல்ல, லாக்குக்குள்ள இருந்துச்சு.

அதனால நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். கதவு ஏன் டைட்டா இருக்குன்னு கண்டுபிடிக்காம ஸ்ட்ரைக்கர்ல ஸ்பேனர் வைக்காதீங்க, வைக்கவும் விடாதீங்க. செலவே இல்லாததுல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா கழிச்சிட்டே வாங்க, பாதி வண்டிக்கு ஸ்ட்ரைக்கர் வரைக்கும் போகவே தேவை இருக்காது.

மொதல்ல கதவு சாத்துறப்ப என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கணும், அது தெரியாம செய்யுற எதுவும் குருட்டாம்போக்குதான். கதவோட ஓரத்துல, கண்ணாடிக்கு கீழ, ஒரு வாய் மாதிரி பொளந்து இருக்கும்ல, அதுதான் லாக். அந்த வாய்க்குள்ள கவை மாதிரி ஒரு இரும்பு இருக்கு. எதிர்ப்பக்கம் பாடியில, பில்லர்ல, தடியான கம்பிய யூ மாதிரி வளைச்சு வச்ச மாதிரி நீட்டிட்டு இருக்கிறது ஸ்ட்ரைக்கர். கதவு உள்ள வர்றப்ப ஸ்ட்ரைக்கர் அந்த கவைய தள்ளும், கவை சுத்தும், அது சுத்துனதும் பக்கத்துல இருக்கிற ஒரு சின்ன பல் அதோட வெட்டுல போய் விழுந்து புடிச்சுக்கும். அந்த வெட்டு ரெண்டு இருக்கு. மொதல் வெட்டுல விழுந்தா அரை லாக், ரெண்டாவதுல விழுந்தா முழு லாக். மீட்டர்ல கதவு லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கு, ஆனா கதவு தொறக்கல, ஆட்டுனா மட்டும் 'லொட லொட'ன்னா அது அரை லாக். கதவு படக்குனு தொறந்துடக் கூடாதுன்னு பாதுகாப்புக்கு வச்சது அது, அதுலயே வண்டிய ஓட்டுறதுக்கு வச்சது இல்ல.

இந்த கவைய சுத்த வைக்கிற வேலையோட, கதவச் சுத்தி இருக்கிற ரப்பர் பீடிங்கையும் அழுத்தணும், உள்ள இருக்கிற காத்தையும் வெளிய தள்ளணும். ஆக சந்தேகப்பட வேண்டியது நாலு பேரை: காத்து, ரப்பர், லாக், கீல். இதே வரிசையில பாருங்க.

மொதல் சோதனை, கண்ணாடி. நாலு கண்ணாடியையும் முழுசா இறக்கிட்டு மாட்டிக்கிற கதவ சாத்திப் பாருங்க. லேசா சாத்திக்கிச்சா? அப்ப லாக் மேலயும் கீல் மேலயும் பழி போடாதீங்க, காத்துதான் ஆளு. எல்லாக் கதவும் கண்ணாடியும் மூடியிருக்கறப்ப கடைசியா சாத்துற கதவு சைக்கிள் பம்ப் மாதிரி உள்ள காத்த அமுக்குது, சில வண்டியில காதுல ஒரு அழுத்தம் கூட தெரியும். இந்தக் காத்து வெளிய போறதுக்குன்னே பின் பம்பருக்கு உள்பக்கம், டிக்கியோட ஓரத்துல, மெல்லிசு ரப்பர் மடல் வச்ச ஓட்டை விட்டிருப்பாங்க. காத்து தள்ளுனா மடல் தொறக்கும், இல்லன்னா மூடிக்கும். பின்னாடி இடிபட்டு டிங்கரிங் பண்ணப்ப அத சேர்த்து அடைச்சிருப்பாங்க, இல்ல ஸ்பீக்கர் மாட்டுறவர் அதிர்வ அடக்குற டேம்பிங் ஷீட்ட அது மேலயே ஒட்டியிருப்பார், இல்லன்னா டிக்கி முழுக்க சாமான் அடைச்சு நாமளே மறைச்சிருப்போம். டிக்கி ஓரத்து பிளாஸ்டிக்க எடுத்துட்டு டார்ச் அடிச்சுப் பாத்தா தெரியும். ஒண்ணும் அடைபடலன்னா நல்லா சீல் ஆகுற வண்டின்னு நெனச்சு ஒரு கண்ணாடிய ரெண்டு விரக்கடை இறக்கிட்டு சாத்துங்க, வேற மருந்து வேண்டாம்.

கண்ணாடி இறக்கியும் அதே டைட்டுன்னா மேல போகலாம்.

இப்ப கதவ அறையாம, கைய வச்சு ரொம்ப மெதுவா உள்ள தள்ளிட்டே போங்க. எந்த எடத்துல தடுக்குதுன்னு கைக்குத் தெரியணும், இதுதான் இந்த வேலையிலயே முக்கியமான விஷயம். முழுசா தொறந்த நெலையில இருந்து பாதி வர்ற வரைக்கும் கரகரன்னு இருந்தா கீல், இல்லன்னா கதவு அங்கங்க நிக்கிறதுக்கு கீலுக்கு நடுவுல ஒரு பட்டை இருக்கும்ல, அந்த டோர் ஸ்டாப்பர். கடைசி நாலு விரக்கடையில எதுலயோ முட்டி ரப்பர் பந்து மாதிரி திரும்பி வந்தா நடுவுல ஏதோ சாமான் மாட்டுது. கடைசி அரை இஞ்சுல மட்டும் மல்லுக்கட்டினா ரப்பர் இல்ல லாக். 'டங்'னு இரும்புல இரும்பு மோதி திரும்பி வந்தா அது வேற கதை, கீழ சொல்றேன்.

நடுவுல மாட்டுற சாமான்னதும் சிரிக்காதீங்க, நெறைய பேர் ஏமாறுறது இங்கதான். வரம்பு வச்ச 7டி மேட் போட்டிருப்பீங்க, அதோட ஓரம் எழும்பி கதவோட அடியில முட்டும். சீட் பெல்ட் நாக்கு சுருட்டிப் போகாம தொங்கிட்டு இருக்கும், கதவு ஒவ்வொரு தடவையும் அது மேலதான் விழும், ஓரத்துல பெயிண்ட் பேந்து பிறை மாதிரி ஒரு தழும்பு இருந்தா இதுதான். கதவுப் பையில சொருகின 1 லிட்டர் பாட்டில் சீட்ல இடிக்கும். வாசல் படியில ஒட்டின ஸ்டீல் தகடு, கதவு ஓரத்துல மாட்டின ரப்பர் கார்டு, மழைக்கு ஒட்டின வைசர், இப்படி வண்டி வாங்கினதுக்கப்புறம் கடையில போட்ட எல்லாத்தையும் சந்தேகப்படுங்க. "எப்ப இருந்து இப்படி?"ன்னு உங்களையே கேளுங்க, அந்த வாரம் வண்டியில என்ன மாட்டினீங்கன்னு யோசிச்சா பாதி நேரம் விடை அங்கயே கெடைக்கும்.

அடுத்து ரப்பர். கதவச் சுத்தி விரல ஓட்டிட்டே வாங்க, எங்கயாவது மடங்கியோ, பள்ளத்துல இருந்து வெளிய வந்தோ இருக்கான்னு. புது பீடிங் மாத்தியிருந்தா கொஞ்ச நாள் டைட்டாத்தான் இருக்கும், அமுங்கி அமுங்கி படிஞ்சிரும், அதுக்காக யாரும் ஸ்ட்ரைக்கர தள்ளக் கூடாது. ஆனா சத்தம் கொறையுறதுக்குன்னு பழைய பீடிங் மேலயே இன்னொரு ரப்பர் பட்டை ஒட்டுறாங்க பாருங்க, அது படியாது, தடிமன் அதிகம்னா எடுத்துடுறதுதான் வழி. வெயில்லயே நிக்கிற வண்டியில ரப்பர் பிசுபிசுன்னு ஆகி கதவோட ஒட்டிக்கும், தொறக்குறப்ப 'சர்ர்'னு சத்தம் வரும். ஷாம்பு தண்ணியில துடைச்சு, காய விட்டு, சிலிகான் ஸ்ப்ரேய துணியில அடிச்சு பூசுங்க. கிரீஸும் இன்ஜின் ஆயிலும் ரப்பர்ல படவே கூடாது, ஊதிப்போயிரும். தேங்காய் எண்ணெய் தடவுறவங்களும் இருக்காங்க, ரெண்டு நாள் நல்லா இருக்கும், அப்புறம் ஊர் தூசி எல்லாம் அதுலதான் இருக்கும்.

ரப்பர் அதிகமா அழுத்துதா கம்மியா அழுத்துதான்னு பாக்க ஒரு சுலபமான வழி இருக்கு. நியூஸ்பேப்பர விரல் அகலத்துக்கு கிழிச்சு, ரப்பருக்கும் கதவுக்கும் நடுவுல வச்சு சாத்திட்டு இழுங்க. புடிச்சுக்கிட்டு இழுபட்டு வரணும். எந்தப் பிடியும் இல்லாம வழுக்கிட்டு வந்தா அந்த எடத்துல தண்ணி வரும், இழுக்க இழுக்க கிழிஞ்சா அங்க அழுத்தம் அதிகம். கதவச் சுத்தி ஏழெட்டு எடத்துல இப்படி பாத்தீங்கன்னா கதவு எந்த மூலையில உள்ள போகுது, எந்த மூலையில வெளிய நிக்குதுன்னு ஒரு படம் மாதிரி மனசுல வந்துரும். என் கதவுல பின் ஓரம் முழுக்க பேப்பர் வழுக்கிட்டு வந்துச்சு, அப்பதான் ஒர்க்‌ஷாப் பையன் பண்ணின காரியம் புரிஞ்சுது.

இனி லாக். எனக்கு விடை கெடைச்சது இங்கதான், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

கதவ தொறந்து வச்சுட்டு ஒரு ஸ்க்ரூ டிரைவர எடுங்க. லாக் வாய்க்குள்ள தெரியுற கவைய, ஸ்ட்ரைக்கர் எப்படி தள்ளுமோ அதே திசையில மெதுவா தள்ளுங்க. நல்ல லாக்னா 'டிக்', 'டிக்'னு ரெண்டு சத்தம், வழவழன்னு போகும். உடனே வெளிக் கைப்பிடிய இழுங்க, கவை 'டப்'னு ஸ்பிரிங் வேகத்துல பழைய எடத்துக்கு வரணும். விரல உள்ள விட்டு தள்ளாதீங்க, மோட்டார்ல தானா இழுத்து மூடுற கதவுன்னா விரல் நசுங்கிரும். ரொம்ப முக்கியம்: கவை மூடின நெலையில இருக்கறப்ப கதவ சாத்தவே கூடாது. ஸ்ட்ரைக்கர் போறதுக்கு வாய் இருக்காது, இரும்போட இரும்பு மோதி லாக்கும் போச்சு பெயிண்ட்டும் போச்சு. கைப்பிடிய இழுத்து கவைய விடுவிச்சிட்டுத்தான் கதவ தொடணும்.

என் கதவுல என்ன ஆச்சுன்னா, மொதல் 'டிக்' வந்துச்சு, ரெண்டாவது வரவே இல்ல, ஸ்க்ரூ டிரைவர நல்லா அழுத்தினாதான் வந்துச்சு, கைப்பிடிய இழுத்தா கவை தூக்கக் கலக்கத்துல எந்திரிக்கிற மாதிரி மெல்ல திரும்புது. டார்ச் அடிச்சுப் பாத்தா உள்ள பழைய கிரீஸும் மண்ணும் சேர்ந்து, அடுப்பங்கரை எக்ஸாஸ்ட் ஃபேன்ல படிஞ்சிருக்குமே அந்த மாதிரி கருப்பா ஒரு பிசுக்கு. பல் தேய்க்கிற பழைய பிரஷ்ஷால சொரண்டினா பிசுக்கோட சேர்ந்து பளபளன்னு ஏதோ வருது, இழுத்தா வந்துட்டே இருக்கு, ஒரு முழம் இருக்கும், ஜரிகை நூல்! எப்பவோ யாரோட பட்டுப்புடவை முந்தானையோ கதவுல மாட்டி, இழுத்தப்ப நூல் மட்டும் லாக்குக்குள்ள தங்கிருச்சு. யார் புடவைன்னு வீட்ல விசாரணை இன்னும் முடியல.

சுத்தம் பண்ற முறை இதுதான். லாக்குக்கு கீழ வேஸ்ட் துணிய வச்சுக்கங்க, இல்லன்னா கருப்புத் தண்ணி கதவெல்லாம் ஒழுகும். டபிள்யூடி 40 மாதிரி ஸ்ப்ரேய நீளக் குழாய் மாட்டி வாய்க்குள்ள நல்லா அடிங்க, 10 நிமிஷம் ஊற விடுங்க, பிரஷ் போடுங்க, ஸ்க்ரூ டிரைவரால கவைய மூடி, கைப்பிடியால தொறந்து, இத ஒரு இருபது தடவை பண்ணுங்க, திரும்ப அடிங்க, வர்ற தண்ணி வெளுப்பா ஆகுற வரைக்கும். பல பேர் இதோட நிறுத்திடுறாங்க, அங்கதான் தப்பு. அந்த ஸ்ப்ரே பிசுக்க கரைக்கிறதுக்கு நல்லது, ரொம்ப நாள் வழுக்குறதுக்கு இல்ல. நல்லா துடைச்சுட்டு, வெள்ளை லித்தியம் கிரீஸ் ஸ்ப்ரேன்னு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில கெடைக்கும், அத கவையிலயும் பல்லுலயும் கொஞ்சமா அடிச்சு மறுபடி பத்து தடவை ஆட்டி விடுங்க, ஸ்ட்ரைக்கர் கம்பியிலயும் ஒரு பூச்சு. கிரீஸ அப்பி வைக்காதீங்க, அடுத்த பிசுக்கு அதுல இருந்துதான் ஆரம்பிக்கும், அதோட வேட்டி கட்டினவங்க சாபம் வேற.

வெள்ளத்துல நின்ன வண்டின்னா இன்னொரு கதை. 2015 டிசம்பர்லயும் 2023 டிசம்பர்லயும் சென்னையில எத்தனை வண்டி முங்குச்சுன்னு தெரியும்ல, அந்த மாதிரி வண்டியில லாக்குக்குள்ள களிமண் போய் காஞ்சு துரு புடிச்சிருக்கும், கழுவி மாளாது, லாக்க மாத்துறதுதான் நேரம் மிச்சம். பழைய கார் வாங்கப் போறப்ப நாலு லாக் வாய்க்குள்ளயும் டார்ச் அடிச்சுப் பாருங்க, மீட்டர் சொல்லாத கதைய அது சொல்லும்.

மேல விட்ட 'டங்' கதை. கதவு சாத்தவே மாட்டேங்குது, ஒவ்வொரு தடவையும் மோதித் திரும்புதுன்னா, லாக் வாயப் பாருங்க, கவை ஏற்கனவே மூடியிருக்கும். கதவு தொறந்திருக்கறப்ப கொழந்தைங்க நோண்டியிருக்கும், இல்ல சாமான் ஏத்துறப்ப ஏதாவது பட்டிருக்கும். கைப்பிடிய இழுத்தபடியே கவைய வெளிப்பக்கம் தள்ளினா தொறந்துக்கும், அவ்ளோதான். இதுக்கு நேர் எதிரா, மோதல் எதுவும் இல்லாம உள்ள வருது, ஆனா புடிக்காமலே திரும்பி வந்துருதுன்னா, பல் வெட்டுல விழல. வெளிக் கைப்பிடி முழுசா உள்ள திரும்பி வருதான்னு பாருங்க. கைப்பிடி துருவோ மண்ணோ புடிச்சு பாதியில நின்னா, யாரோ இழுத்துப் புடிச்சுட்டே இருக்கிற மாதிரி பல்லு தூக்கினபடியே நிக்கும். கைப்பிடிய கையால உள்ள அமுக்கிட்டு சாத்திப் பாருங்க, சாத்திக்கிச்சுன்னா கோளாறு கைப்பிடியிலயோ அதோட கம்பியிலயோதான். உள் கைப்பிடி கேபிளும் டைட்டா நின்னா இதையே பண்ணும்.

இவ்வளவும் சரின்னாதான் ஸ்ட்ரைக்கர். ஸ்ட்ரைக்கர்ல கொஞ்சம் கிரீஸ தடவி, இல்ல ஈரமா விபூதிய பூசி, கதவ ஒரு தடவை சாத்தித் தொறங்க, லாக் எங்க உரசுதுன்னு தடம் தெரியும். கம்பி வாய்க்கு நடுவுல போகணும். கம்பியோட மேலயோ கீழயோ மட்டும் தேஞ்சு பளபளன்னு இருந்தா கதவு ஏறியோ எறங்கியோ வருது. ஆனா உடனே ஸ்ட்ரைக்கர நகத்தாதீங்க, கதவுதான் தொங்கிருச்சான்னு மொதல்ல பாக்கணும்.

கதவ பாதி தொறந்து, லாக் இருக்கிற ஓரத்துல ரெண்டு கையையும் அடியில குடுத்து மேல தூக்கிப் பாருங்க. கீல்ல 'லொடக்'னு ஆட்டம் தெரிஞ்சா கீலுக்குள்ள இருக்கிற பின் கம்பி தேஞ்சிருக்கு, டிரைவர் கதவுலதான் இது அதிகம், எறங்குறப்ப மொத்த ஒடம்பையும் கதவுல சாச்சு எந்திரிக்கிறோம்ல, அதோட பலன். சாத்துன கதவோட இடைவெளியையும் தள்ளி நின்னு பாருங்க, மேலயும் கீழயும் ஒரே அளவா இல்லாம ஆப்பு மாதிரி குறுகிட்டே போனா கதவு தொங்கிருச்சுன்னு அர்த்தம். அப்ப ஸ்ட்ரைக்கர கீழ எறக்கினா கதவு சாத்தும், ஆனா தொங்கல் அப்படியே இருக்கும், கொஞ்ச மாசத்துல அதே எடத்துக்கு வந்து நிப்பீங்க.

கீல் கெட்டியா இருந்து ஸ்ட்ரைக்கர் மட்டும் நகந்திருந்தா நீங்களே பண்ணலாம். பெரும்பாலும் ஸ்டார் பிட் கேக்கும், டி40 மாதிரி, சிலதுல பெரிய பிலிப்ஸ் ஸ்க்ரூ, சரியா உக்காராத பிட்ட வச்சு திருகி ஸ்க்ரூ தலைய மொட்டை அடிச்சுடாதீங்க. லூஸ் பண்றதுக்கு முன்னாடி ஸ்ட்ரைக்கர சுத்தி மார்க்கர்ல கோடு போடுங்க, இத மறந்தா அப்புறம் திண்டாட்டம். முழுசா கழட்ட வேண்டாம், சில வண்டியில பின்னாடி இருக்கிற நட்டுத் தகடு பில்லருக்குள்ள விழுந்துரும், மரை புடிச்சபடியே லேசா நகருற அளவுக்கு தளத்தினா போதும். ஒரு தடவைக்கு 1 மில்லிமீட்டர், அதுக்கு மேல வேண்டாம், டைட் வச்சு, மெதுவா சாத்திப் பாத்து, பேப்பர் வச்சுப் பாத்து, அப்புறம்தான் அடுத்த 1 மில்லி. வெளிய தள்ளினா லேசா சாத்தும், ஆனா ரப்பர் அழுத்தம் கொறையும். உள்ள தள்ளினா சீல் நல்லா இருக்கும், சாத்த பலம் கேக்கும். சாத்துன கதவோட தகடும் பக்கத்துக் கதவோட தகடும் விரல ஓட்டுனா ஒரே மட்டமா இருக்கணும், அந்த எடந்தான் சரியான எடம். கடைசியா நல்லா பலமா டைட் வைங்க, அந்த ஸ்க்ரூ விட்டா கதவு விட்டுச்சு.

கீல் வேலை மட்டும் தனியா பண்ணாதீங்க. கதவுக்கு அடியில ஜாக்கி, மேல மரக்கட்டை, துணி, கூட ஒரு ஆள், அப்புறம்தான் போல்ட்ட தொடணும், ஒரு கை வழுக்குனா கதவு ஃபெண்டர்ல (முன் சக்கரத்துக்கு மேல இருக்கிற தகடு) உக்காந்துரும், சின்ன வேலை பெயிண்ட் வேலை ஆயிரும். சில வண்டியில கீல் வெல்டிங்ல இருக்கும், அட்ஜஸ்ட் பண்ண எடமே இருக்காது. எண்ணெய் விட்டும் ஆட்டம் போகலன்னா நல்ல டிங்கர் கிட்ட விடுங்க, பின்னோ முழு கீலோ மாத்துவார். இடிபட்டு பில்லரே மடங்கியிருந்தா அதுவும் அவர் வேலைதான், நம்ம வேலை இல்ல.

ஆம்னி, ஈகோ மாதிரி தள்ளுக் கதவு வச்சிருக்கவங்களுக்கு மேல சொன்னதுல பாதி பொருந்தாது, உங்க கோளாறு ரெயில்ல படிஞ்ச மணலும் தேஞ்ச ரோலரும்தான். கீழ் ரெயில பிரஷ் போட்டு பெருக்கிட்டு ரோலர் சுத்துதா, இல்ல சுத்தாம உரசிக்கிட்டே வருதான்னு பாருங்க.

என் கதவுக்கு வந்தா, லாக் சுத்தமானதுக்கப்புறம் ஸ்ட்ரைக்கர தளத்தினேன், கம்பெனியில உக்கார வச்சிருந்த பழைய அச்சு பெயிண்ட்ல அப்படியே தெரிஞ்சுது, அதுக்கே தள்ளி டைட் வச்சேன். நியூஸ்பேப்பர் சுத்தியும் புடிக்குது, ஹோஸ் வச்சு 5 நிமிஷம் தண்ணி அடிச்சேன், மேட் காஞ்சே இருக்கு. ஒரு வாரம் ஓட்டிட்டு ஸ்ட்ரைக்கர் ஸ்க்ரூவ இன்னொரு தடவை இறுக்கிப் பாத்தேன், கால் சுத்து வாங்குச்சு, நீங்களும் பாத்துருங்க.